பின்சக்கரத்துக்கு எவ்வளவு விறைப்பு?

கோவையிலிருந்து ஒரு பொறியியல் மாணவர் எழுதியிருக்கிறார். கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் பார்முலா பாரத் போட்டிக்காக அவர்கள் குழு பின்சக்கர இயக்கக் கார் ஒன்றைக் கட்டுகிறதாம். ரேஸ் காருக்கு ஸ்பிரிங் எவ்வளவு விறைப்போ அவ்வளவு நல்லது என்று சீனியர்கள் சொல்கிறார்களாம். நான் ஒப்பமாட்டேன்.

வளைவில் திரும்பும்போது உள்சக்கரங்களின் பளு வெளிச்சக்கரங்களுக்கு மாறுகிறது. மொத்தம் எவ்வளவு மாறும் என்பது பெரும்பாலும் ஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், திரும்பும் வேகம் ஆகியவற்றைப் பொறுத்தது. அதை முன்னச்சும் பின்னச்சும் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதுதான் ஸ்பிரிங்கின் கையில் இருக்கிறது. விறைத்த அச்சுக்குப் பெரிய பங்கு. டயரின் மேல் பளு இரட்டித்தாலும் பிடிமானம் இரட்டிப்பதில்லை. அதனால் பின்னச்சை அளவுக்கு மீறி விறைத்தால் வெளிச்சக்கரம் பெறுவதைவிட உள்சக்கரம் இழப்பதே அதிகம். எஞ்சினின் விசை முழுவதும் போய்ச் சேருவதோ அந்தப் பின்சக்கரங்களுக்கு! வளைவை விட்டு வெளியேற ஆக்சிலேட்டரை மிதித்ததும் உள்சக்கரம் வெறுமனே சுழலும், அல்லது காரின் வால் வெளியே வீசும்.

விறைப்புக் கணக்கை, ஸ்பிரிங்கின் மேல் கார் ஏறி இறங்கும் அதிர்வெண்ணிலிருந்து தொடங்குவார்கள். சாலைக் காருக்கு விநாடிக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 அதிர்வு, சிறகுகளால் தரையோடு அழுத்தப்படும் பந்தயக் காருக்கு 3 முதல் 5. மாணவர் காருக்கு 2.5 என்று வைப்போம். ஒரு பின்சக்கரம் தாங்குவது 70 கிலோ என்றால், சக்கரத்தில் மில்லிமீட்டருக்குச் சுமார் 17 நியூட்டன் விறைப்பு வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விநோதம் இனிமேல்தான். 17 நியூட்டன் ஸ்பிரிங்கை வாங்கி மாட்டினால் போதாது. சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 7 மி.மீ. மட்டுமே சுருங்கினால், விகிதம் 0.7. அதை ஒருமுறை அல்ல, இருமுறை பெருக்க வேண்டும். எங்கள் பாட்டி வீட்டுத் தேக்குக் கதவைக் கீலருகே நின்று தடுத்துப் பார்த்தால் காரணம் புரியும்: அங்கே நம் கை நகர்வதும் குறைவு, நம் விசை கதவின் ஓரத்தை எட்டுவதும் குறைவு. நகர்வில் ஒன்று, விசையில் ஒன்று என இரண்டு இழப்பு. 0.7 பெருக்கல் 0.7 என்றால் 0.49; 17-ஐ அதனால் வகுத்தால், தேவைப்படும் ஸ்பிரிங் சுமார் 35 நியூட்டன். ஒருமுறை மட்டும் கணக்கிட்டு 25-ஐ மாட்டினால் அதிர்வெண் 2.1-க்கு இறங்கிவிடும்.

காரைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கின் சுற்றை வெட்டும் பழக்கம் நம் பட்டறைகளில் பரவியிருப்பது எனக்கு வேதனை தருகிறது. சுற்று குறைந்தால் விறைப்பு கூடும்; சக்கரம் ஏறி இறங்க இருந்த இடமும் சுருங்கும். வளைவின் நடுவே சஸ்பென்ஷன் ரப்பர் முட்டில் மோதினால் விறைப்பு ஒரே நொடியில் எகிறும். பிடிமானம் கைவிட்டுப் போகும். சாலையில் இது உயிரோடு விளையாடுவது.

தம்பி, கடைக்குப் போகும் முன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் 5 மி.மீ., 5 மி.மீட்டராக உயர்த்தி, ஸ்பிரிங்கோடு சேர்ந்து சுருங்கும் டாம்பர் எவ்வளவு சுருங்குகிறது என்று ஒவ்வொரு முறையும் அளந்து எழுதுங்கள். சக்கரத்தின் அசைவை ஸ்பிரிங்குக்குக் கடத்தும் ராக்கர் திரும்பத் திரும்ப அந்த 0.7-ம் மாறிக்கொண்டே போகும்.