கண்ணுக்குத் தெரியாத புகை

புனேயிலிருந்து சாத்தாரா போகும் பழைய சாலையில் காத்ரஜ் மலைப்பாதை இருக்கிறது. பாரம் ஏற்றிய பழைய டீசல் பிக்கப் வண்டிகள் சில அந்த மேட்டில் திணறும். பின்னால் கரும்புகை கிளம்பும். "இ.ஜி.ஆர். வால்வு கெட்டிருக்கும். தகடு வைத்து அடைத்துவிடு" என்று பலர் சொல்வார்கள். அது சரியா?

வால்வின் வேலை என்ன?

இன்ஜினில் டீசல் எரிகிறது. எரிந்த புகை சைலன்சர் வழியாக வெளியே போகிறது. அதில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் கதவுதான் இந்த வால்வு.

எரிந்த புகையை மறுபடி உள்ளே விடுவது ஏன்? அதில் ஆக்சிஜன் குறைவு. அது உள்ளே போனால் டீசல் எரியும் சூடு தணியும். சூடு மிகுந்தால் காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேரும். நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகும். அது நுரையீரலைக் கெடுக்கும்.

என்ன கெடும்?

நாளடைவில் வால்வில் கரி படியும். கதவு திறந்தபடியே சிக்கினால் இன்ஜினுக்கு நல்ல காற்று போதாது. இழுவை குறையும். கரும்புகை வரும். மூடியபடியே சிக்கினால் ஓட்டுபவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் நச்சு வாயு கூடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. முதலில் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். அது அடைத்திருந்தாலும் கரும்புகை வரும். டீசல் நாசில் கெட்டாலும் வரும்.

2. பல பழைய வண்டிகளில் காற்றை உறிஞ்சித்தான் வால்வைத் திறக்கிறார்கள். இதை வேக்குவம் என்பார்கள். அந்த ரப்பர் ஓஸ் வெடித்திருந்தால் வால்வு திறக்காது. ஓஸை மாற்றினால் போதும்.

3. இன்ஜினை நிறுத்தி ஆறவிட வேண்டும். ஓஸைக் கழற்றிவிட்டு, வேக்குவம் கைப்பம்பை மாட்டி உறிஞ்ச வேண்டும். வால்வின் தண்டு அசைந்து நிற்க வேண்டும். பம்பை எடுத்ததும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். நிற்காவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். டயாஃப்ரம் நன்றாக இருந்தும் தண்டு அசையாவிட்டால் கரி சிக்கியிருக்கும்.

4. கரி என்றால் கழற்றிச் சுத்தம் செய்து, புது கேஸ்கட் போட்டு மாட்டலாம். டயாஃப்ரம் கிழிந்திருந்தால் வால்வை மாற்ற வேண்டும்.

தகடு வைத்தால் என்ன?

கரும்புகை குறையலாம். இழுவையும் கூடலாம். பி.யூ.சி. சோதனையிலும் வண்டி தேறிவிடலாம். ஏனென்றால் டீசல் வண்டிக்கான அந்தச் சோதனை புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை.

சோதனையில் தெரியாத இந்த வாயுவால் 2015-இல் உலகமே பரபரப்பானது. ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள் சோதனையில் இதைக் குறைவாகவும், சாலையில் அதிகமாகவும் வெளியிட்டது அமெரிக்காவில் அம்பலமானது. புனேயில் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. 1966-இல் நிறுவப்பட்டது. அந்தச் சங்கம் இந்தியாவில் ஓடிய கார்களைச் சோதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்தக் கம்பெனி அறிவித்தது.

மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது.

அடைத்த வால்வால் வரும் வாயு கண்ணுக்குத் தெரியாது. சாலையோரம் கடை போட்டவரும், பள்ளிக்குப் போகும் பிள்ளையும், வண்டி ஓட்டுபவரும் அதைத்தான் மூச்சில் இழுக்கிறார்கள். வால்வை அடைக்கக் கூடாது. சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும்.