மகிழுந்து மாற்றியமைப்புப் பட்டறை

மகிழுந்து மாற்றியமைப்புப் பட்டறை என்பது, தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த மகிழுந்தை அதன் உரிமையாளரின் தேவைக்கோ விருப்பத்துக்கோ ஏற்ப மாற்றித் தரும் பணியிடம் ஆகும். பழுதுபார்க்கும் பட்டறை வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றது. மாற்றியமைப்புப் பட்டறையோ தயாரிப்பாளர் வகுக்காத ஒரு நிலைக்கு வண்டியைக் கொண்டுசெல்கின்றது. ஆகவே பணி சரியாக நடந்துள்ளதா என்பதை ஒப்பிட்டுப் பார்க்கத் தயாரிப்பாளரின் கையேடு மட்டும் போதாது. பட்டறையின் அறிவையும் நேர்மையையும் நம்பவேண்டியுள்ளது. அந்த நம்பிக்கைக்குரிய பட்டறையை இந்தியாவில் எவ்வாறு இனங்காண்பது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

பின்னணி

இந்தியாவில் மகிழுந்து வகைகள் மிகக் குறைவாக இருந்த காலத்திலேயே மாற்றியமைப்புப் பணி தொடங்கிவிட்டது. அம்பாசடர் வண்டிகளில் பெட்ரோல் இயந்திரத்தை அகற்றி, எரிபொருள் செலவு குறைந்த டீசல் இயந்திரத்தைப் பொருத்துவது வாடகை வண்டி உரிமையாளர்களிடையே வழக்கமாக இருந்தது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் இத்துறையில் தனி இடம் பெற்றது. எஸ். கரிவரதன் அங்கு குறைந்த செலவில் பந்தய வண்டிகளை உருவாக்கினார். அவரது நினைவாகப் பெயரிடப்பட்ட கரி பந்தயத் தடம் செட்டிபாளையத்தில் உள்ளது.

கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்சு நிறுவனமும் டாட்டா மோட்டார்சும் இணைந்து 2017 இல் ஒரு கூட்டு நிறுவனத்தை அமைத்தன. அதன் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி ஆகிய வண்டிகள் 2018 இல் விற்பனைக்கு வந்து, 2020 இல் நிறுத்தப்பட்டன. இவற்றில் இயந்திரத்தின் திறன் மட்டும் உயர்த்தப்படவில்லை. தொங்கமைப்பும் டயர்களும் சேர்த்தே மாற்றப்பட்டன. ஓர் உறுப்பை மாற்றும்போது அதைச் சார்ந்த பிற உறுப்புகளையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களில் இருந்து வேறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் 182ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. அனுமதிக்கப்படாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்க அப்பிரிவு இடமளிக்கின்றது. பட்டறை செய்த வேலைக்கும் சாலையில் பதில் சொல்லவேண்டியவர் உரிமையாளரே என்பது இதனால் விளங்கும்.

அனுமதிக்கப்படும் மாற்றங்களும் உண்டு. ஏற்பளிக்கப்பட்ட எரிவளி அல்லது மின்கலப் பொருத்துத் தொகுதியைக் கொண்டு வண்டியின் எரிபொருளை மாற்றலாம். மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கு ஏற்பவும் வண்டியை மாற்றியமைக்கலாம். இவற்றைப் பதிவு அலுவலகத்தின் அனுமதியோடு செய்து, பதிவுச் சான்றில் குறிக்கச் செய்யவேண்டும்.

கண்ணாடிகளைப் பொறுத்தவரை, முன்பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காடும் ஒளியை உட்புகவிட வேண்டும். வண்டியின் முன் பொருத்தப்படும் இரும்புத் தடுப்புச் சட்டங்களை அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு 2017 திசம்பரில் நடுவண் அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. இச்சட்டங்கள் மோதலின் விசையை நேராக அடிச்சட்டத்துக்குக் கடத்துகின்றன. காற்றுப் பைகளின் உணரிகள் உரிய நேரத்தில் செயற்படுவதையும் இவை கெடுக்கலாம். நடந்து செல்பவர் மீது மோதினால் அவருக்கு ஏற்படும் காயமும் கடுமையாகின்றது.

நம்பகமான பட்டறையின் அடையாளங்கள்

பட்டறையின் தரத்தை அதன் முகப்பையோ அங்கு நிற்கும் வண்டிகளின் பளபளப்பையோ கொண்டு அறிய இயலாது. சில குறிப்பிட்ட கேள்விகளுக்கு அது தரும் விடைகளே சிறந்த அளவுகோலாகும்.

மறுக்கத் தெரிதல்: சட்டம் தடுக்கும் வேலையையோ ஆபத்தான வேலையையோ கேட்கும்போது, காரணம் சொல்லி மறுக்கும் பட்டறை நம்பத்தக்கது. வண்டியைத் தாழ்த்துவதற்காகச் சுருள்வில்லை வெட்டுவது இத்தகைய வேலை. வெட்டப்பட்ட வில் நீளம் குறைவதோடு கடினமாகவும் ஆகின்றது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது தன் இருக்கையில் இருந்து நழுவவும் கூடும். "எதையும் செய்து தருவோம், பிடிபடமாட்டீர்கள்" என்னும் விடை எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கது.

கணக்கிட்டுச் சொல்லுதல்: 185/65 ஆர்15 அளவுள்ள டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 621.5 மி.மீ. ஆகும். அதற்குப் பதிலாக 195/55 ஆர்16 பொருத்தினால் விட்டம் 620.9 மி.மீ.; வேறுபாடு மிகச் சிறிது. ஆனால் 205/65 ஆர்16 பொருத்தினால் விட்டம் 672.9 மி.மீ. ஆகி, 8 விழுக்காட்டுக்கு மேல் கூடுகின்றது. அப்போது வேகமானி முன்பு காட்டிய அதே 80 கி.மீ. இல் வண்டி முன்னைவிட 6 கி.மீ.க்கு மேல் கூடுதலான வேகத்தில் ஓடும். டயர் சக்கர வளைவில் உரசவும் வாய்ப்புண்டு. விட்டத்தையும் டயரின் சுமைக் குறியெண்ணையும் பார்க்காமல் "இது உங்கள் வண்டிக்குப் பொருந்தும்" என்று கூறும் பட்டறையைத் தவிர்ப்பது நல்லது.

மின்கம்பி வேலை: பட்டறையின் தரம் மிகத் தெளிவாக வெளிப்படுவது இங்குதான். எச்4 வகை முகப்பு விளக்கின் வழமையான அளவு 60/55 வாட். இரு விளக்குகளின் உயரொளிக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. சிலர் பொருத்தும் 100 வாட் விளக்குகளுக்கு ஏறத்தாழ 16.7 ஆம்பியர் தேவைப்படும். கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அதே கம்பி முன்னைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு வெப்பத்தைத் தாங்கவேண்டி வரும். எதிர்வருவோரின் கண்ணைக் கூசச்செய்யும் இவ்விளக்குகள் சாலைக்கு ஏற்றவையும் அல்ல. ஒலியமைப்பு, கூடுதல் மின்கருவிகள் ஆகியவற்றுக்கும் இதே கணக்குப் பொருந்தும். நல்ல பட்டறை தனிக் கம்பி, ரிலே, உரிய அளவு ஃபியூஸ் ஆகியவற்றைப் பயன்படுத்தும். தொழிற்சாலைக் கம்பியை வெட்டி, முறுக்கி, ஒட்டுநாடா சுற்றும் பழக்கம் வண்டி தீப்பற்றக் காரணமாகலாம்.

சார்ந்த உறுப்புகளை அறிதல்: பக்கக் காற்றுப் பைகள் பல வண்டிகளில் இருக்கையின் பக்கவாட்டில் உள்ளன. அங்கு எளிதில் பிரியும் தையல் இல்லாத உறையைப் போட்டால் பை விரிவது தடைபடும். அதுபோல, இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றித் திறனை உயர்த்தும்போது கிளட்ச், நிறுத்திகள், புகை அளவு ஆகியவற்றையும் பார்க்கவேண்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் டைனமோமீட்டரில் அளந்து காட்டாத திறன் உயர்வு வெறும் சொல்லே ஆகும்.

முன்பு செய்த வேலைகள்: புதிதாக முடித்த வண்டியைக் காட்டிலும், ஓரிரு ஆண்டுகளுக்கு முன் அங்கு மாற்றப்பட்ட வண்டியைப் பார்ப்பதே பயனுள்ளது. பற்றவைப்பில் துரு, வண்ணப்பூச்சில் வெடிப்பு, உட்புறத்தில் கடகடப்பு போன்ற குறைகள் ஒரு மழைக்காலமாவது கடந்த பின்னரே தெரியவரும்.

ஆவணங்களும் கட்டணமும்

பணி தொடங்கும் முன் எழுத்து வடிவில் மதிப்பீட்டைப் பெறவேண்டும். அதில் ஒவ்வொரு உதிரிப்பாகத்தின் தயாரிப்பாளர் பெயர், பாக எண், விலை, கூலி, முடியும் நாள் ஆகியவை தனித்தனியே இருக்கவேண்டும். முழுத் தொகையையும் முன்பணமாகத் தராமல், பணியின் கட்டங்களுக்கு ஏற்பப் பிரித்துத் தருவது இரு தரப்புக்கும் பாதுகாப்பானது. வண்டியை விடும்போது ஓடிய தூரத்தையும் எரிபொருள் அளவையும் ஏற்கனவே உள்ள கீறல்களையும் குறித்துக் கையொப்பம் பெறுவது நன்று. கழற்றிய பாகங்களைத் திரும்பப் பெறவேண்டும். வண்டியை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர அவை தேவைப்படலாம். வரியுடன் கூடிய விலைப்பட்டியல் இல்லையேல் உத்தரவாதம் கோர வலுவான சான்று இராது.

காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் சொந்தச் சேதத்துக்கான இழப்பீட்டை மறுக்கவோ குறைக்கவோ காரணமாகலாம். வண்டித் தயாரிப்பாளரின் உத்தரவாதம் எந்த அளவுக்குப் பாதிக்கப்படும் என்பதையும் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும்.

பணி முடிந்த பின்

வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பார்வையிடுவதும், பட்டறையின் தொழில்நுட்பரை உடன் அமர்த்தி ஓட்டிப் பார்ப்பதும் வழக்கம். திசைமாற்றியை இருபுறமும் முழுவதும் திருப்பியும், ஆட்களை ஏற்றி மேடு பள்ளத்தில் ஓட்டியும் டயர் உரசுகின்றதா என்று பார்க்கவேண்டும். மின்வேலை நடந்திருப்பின் எல்லா விளக்குகளையும் கருவிகளையும் ஒருசேர இயக்கி, கம்பிகளும் ஃபியூசுகளும் சூடேறுகின்றனவா என்று நோக்கவேண்டும். சக்கரங்கள் கழற்றப்பட்டிருந்தால் சில நூறு கி.மீ. ஓடிய பின் அவற்றின் மறைகளை மீண்டும் முறுக்குமானி கொண்டு சரிபார்க்கவேண்டும். அனுமதி பெற்றுச் செய்த மாற்றத்தை 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவுச் சான்றில் குறிக்கச் செய்யவேண்டும்.