ஒரு கல்லுக்கு ஒன்பது யூனிட்

வள்ளூர் அனல் மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று இருக்கின்றன. மொத்தத் திறன் 1,500 மெகாவாட். என்.டி.பி.சி.யும் தமிழக மின்வாரியமும் சரிபாதிப் பங்கு வைத்து நடத்தும் கூட்டு நிறுவனம் இது. முதல் அலகு 2012-இலும் மூன்றாவது அலகு 2015-இலும் வணிக உற்பத்திக்கு வந்தன. ஒடிசா நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் இறங்கி இங்கே எரிகிறது. மின்சாரம் கம்பி வழியே வெளியே போய்விடுகிறது. சாம்பல் இங்கேயே தங்கிவிடுகிறது.

அந்தச் சாம்பல் எவ்வளவு, அதில் எத்தனை கல் அறுக்கலாம், ஒரு சிறு வீட்டுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதைக் கூட்டிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. விகிதங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் வேறு எண் இருந்தால் அதைப் போட்டுக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.

கணக்குக்கு எடுத்த விகிதங்கள்

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி: 0.7 கிலோ.
நிலக்கரியில் சாம்பல்: 34 சதவீதம். இந்திய நிலக்கரியில் இது வழக்கமான அளவு. இறக்குமதி நிலக்கரி கலந்தால் குறையும்.
அந்தச் சாம்பலில் புகையோடு பறந்து வடிகட்டியில் சிக்கும் உலர் சாம்பல்: 80 சதவீதம். மீதி கொதிகலனின் அடியில் விழும் கசடு.
ஆக, ஒரு யூனிட்டுக்கு மொத்தச் சாம்பல் 240 கிராம். அதில் கல் அறுக்க உதவும் உலர் சாம்பல் 190 கிராம்.

ஒரு நாள் உற்பத்தி

நிலையம் 70 சதவீதத் திறனில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

மின்சாரம்: 2.52 கோடி யூனிட்.
எரியும் நிலக்கரி: சுமார் 17,600 டன்.
மொத்தச் சாம்பல்: சுமார் 6,000 டன்.
உலர் சாம்பல்: சுமார் 4,800 டன். 25 டன் ஏற்றும் லாரியில் 192 லோடு.

இந்த 6,000 டன்னை யாரும் எடுத்துப் போகாவிட்டால் சாம்பல் குட்டையில்தான் கொட்ட வேண்டும். படிந்த சாம்பலைக் கன மீட்டருக்கு ஒரு டன் என்று எடுத்தால், ஒரு நாள் சாம்பலே ஒன்றரை ஏக்கரை ஒரு மீட்டர் உயரத்துக்கு மூடிவிடும். ஓராண்டுக்கு அது 540 ஏக்கர்.

ஒரு வீட்டின் சுவர்

இப்போது கொத்தனார் பக்கம் வருவோம். சந்தையில் கிடைக்கும் ஃப்ளை ஆஷ் (உலர் சாம்பல்) கல்லின் ஓர் அளவு 230 × 110 × 75 மில்லிமீட்டர். எடை 3.2 கிலோ அளவில் இருக்கும். உலர் சாம்பலோடு மணல் அல்லது கல்தூள், சிமென்ட் சேர்த்து அழுத்திச் செய்வது ஒரு முறை. சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் சேர்ப்பது இன்னொரு முறை. இந்த இரண்டாவது முறையை விசாகப்பட்டினத்தில் பானுமதிதாஸ், காளிதாஸ் இருவரும் உருவாக்கிப் பரப்பினார்கள். இரண்டிலும் சூளை கிடையாது. கல் நீரில் பதப்பட்டே இறுகுகிறது. சாம்பல் 55 சதவீதம் என்றால் ஒரு கல்லுக்குள் ஒன்றே முக்கால் கிலோ அடங்குகிறது.

கல்லுக்குக் கல் 10 மில்லிமீட்டர் கலவை விட்டுக் கட்டினால், நூறு சதுர அடி ஒன்பது இஞ்சு சுவருக்கு 910 கல் வேண்டும். நாலரை இஞ்சு சுவருக்கு 455 போதும்.

திருவொற்றியூரிலோ மீஞ்சூரிலோ 20 × 30 அடியில் ஒரு தரைத்தள வீடு கட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

வெளிச்சுவர்: சுற்றளவு 100 அடி, உயரம் 10 அடி. கதவு, ஜன்னல் கழித்து 850 சதுர அடி. ஒன்பது இஞ்சு கட்டுக்கு 7,735 கல்.
உள்சுவர்: 50 அடி நீளம். வாசல்கள் கழித்து 450 சதுர அடி. நாலரை இஞ்சு கட்டுக்கு 2,048 கல்.
உடைசல் 5 சதவீதம் சேர்த்து மொத்தம்: சுமார் 10,250 கல்.
சுவருக்குள் போகும் சாம்பல்: சுமார் 18 டன்.

சிமென்டிலும் சாம்பல் உண்டு. பி.பி.சி. என்று மூட்டையில் அச்சிட்ட சிமென்டில் 15 முதல் 35 சதவீதம் வரை உலர் சாம்பல் சேர்க்க இந்தியத் தர நிர்ணயம் இடம் தருகிறது. சதுர அடிக்கு 0.4 மூட்டை என்ற கட்டுமானக் கணக்குப்படி இந்த வீட்டுக்கு 240 மூட்டை பிடிக்கும். 30 சதவீதம் என்றால் மூட்டைக்கு 15 கிலோ, மொத்தம் 3.6 டன். கல்லும் சிமென்டும் சேர்த்து இந்தச் சிறு வீடு 21 டன்னுக்கு மேல் சாம்பலை உள்வாங்குகிறது.

கரன்ட் பில்லில் எத்தனை கல்?

ஒன்றே முக்கால் கிலோவை 190 கிராமால் வகுத்தால் 9.2 வரும். வீட்டில் ஒன்பது யூனிட் ஓடினால் எங்கோ ஒரு கல்லுக்கான சாம்பல் விழுந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் மின்சாரம் முழுவதும் நிலக்கரியில் வருவதல்ல. காற்றாலையும் சூரிய ஒளியும் அணுமின்சாரமும் உண்டு. நிலக்கரி மின்சாரத்தை மட்டும் எடுத்தால் கணக்கு இப்படி:

இரண்டு மாத பில்லில் இலவசமாக வரும் 100 யூனிட்: 11 கல்.
இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீடு: 43 கல்.
அதே வீட்டுக்கு ஓராண்டில்: 260 கல்.
மேலே சொன்ன வீட்டின் 10,250 கல்லுக்கும் சாம்பல் சேர: சுமார் 39 ஆண்டு.

ஒரு குடும்பம் ஏறக்குறைய நாற்பது ஆண்டு விளக்கும் விசிறியும் ஃப்ரிட்ஜும் ஓட்டினால், தான் குடியிருக்கும் வீட்டின் சுவர் அளவுக்குச் சாம்பலை உண்டாக்குகிறது. வள்ளூர் நிலையமோ அத்தகைய 266 வீடுகளின் சுவருக்கு வேண்டிய உலர் சாம்பலை ஒரே நாளில் தருகிறது. கல் அறுப்பது மட்டும் இந்தச் சாம்பலைத் தீர்த்துவிடாது என்பதை இந்த எண்ணே சொல்லிவிடுகிறது. சிமென்ட் ஆலை, சாலைக்கு மேடு அமைத்தல், பள்ளம் நிரப்புதல் எல்லாம் சேர்ந்துதான் தூக்க வேண்டிய சுமை இது.

மண் மிச்சம்

இதே 10,250 கல்லைச் செங்கல்லாக வாங்கினால், அதே அளவு கல்லுக்குச் சுமார் 33 டன் மண் வேண்டும். ஒரு கன மீட்டர் மண் 1.6 டன் என்று வைத்தால், ஓர் அடி ஆழத்துக்கு 700 சதுர அடிக்கு மேல் நிலத்தைத் தோண்ட வேண்டும். வீட்டின் பரப்பே 600 சதுர அடிதான். வீட்டைவிடப் பெரிய ஒரு துண்டு நிலத்தின் மேல்மண் போகிறது. சூளைக்கு எரிபொருளும் தனியாக வேண்டும். பொன்னேரி, ஊத்துக்கோட்டை வட்டாரத்தில் நெல் விளையும் மண்ணுக்கு இந்த மிச்சம் பெரிது.

ஆற்றின் பக்கத்தில் எழுதப்படும் செலவு

இதுவரை பார்த்தது வரவு. செலவு கொசஸ்தலை ஆற்றில் இருக்கிறது. அதன் கழிமுகத்தை ஒட்டி வள்ளூர் நிலையம் மட்டும் இல்லை. 1994 முதல் வந்த வடசென்னை அனல் மின் நிலையத்தின் 630 மெகாவாட், பின்னர் சேர்ந்த 1,200, 2024-இல் திறக்கப்பட்ட 800 எல்லாம் இதே வட்டாரம்தான். 1970-களிலிருந்து ஓடிய பழைய எண்ணூர் நிலையம் 2017-இல் மூடப்பட்டது.

சாம்பலை நீரில் கரைத்துக் குழாயில் குட்டைக்கு அனுப்பும்போது குழாய் கசிந்தால் அது சதுப்பிலும் ஆற்றிலும் இறங்குகிறது. ஆற்றின் ஆழம் குறைந்தால் படகு தட்டும். இறாலும் நண்டும் வளரும் சேறு சாம்பலால் மூடினால் வலை வெறுமையாக வரும். சாம்பலில் சிறு அளவில் கலந்திருக்கும் கன உலோகங்கள் நீருக்குப் போகும். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருவது இதைத்தான். எண்ணூரின் சாம்பல் பிரச்சினை பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது.

சட்டம் இந்தச் செலவுக்கு ஒரு விலை வைத்திருக்கிறது. சாம்பல் பயன்பாடு பற்றிய மத்திய அரசின் முதல் அறிவிக்கை 1999 செப்டம்பரில் வந்தது. 2021 டிசம்பர் 31 அறிவிக்கை, பயன்படுத்தாமல் விட்ட ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு விதிக்கிறது. மூன்றாண்டுச் சுழற்சியின் முதல் இரண்டு ஆண்டுகளில் பயன்பாடு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அது பாயும். நம் கணக்கில் ஆண்டுச் சாம்பல் சுமார் 22 லட்சம் டன். அதில் நான்கில் ஒரு பங்கு தேங்கினால் தொகை 55 கோடி ரூபாய். ஒரு கல்லுக்குள் போயிருக்க வேண்டிய சாம்பலுக்கு இது 1 ரூபாய் 75 காசு. கெட்டுப்போன ஆற்றின் மதிப்பு இந்த 1.75-க்குள் அடங்காது.

வாங்குகிறவர் கணக்கு

விலை ஊருக்கு ஊர், லோடுக்கு லோடு மாறும். ஆனால் ஒன்று நிச்சயம்: ஃப்ளை ஆஷ் கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தால், இந்த வீட்டில் அது 10,250 ரூபாய். உள்சுவரையும் ஒன்பது இஞ்சாகக் கட்டினால் 2,150 கல் கூடுதல். தூண், பீம் வைத்துக் கட்டும் வீட்டில் பாரம் தாங்காத உள்சுவருக்கு அந்தக் கனம் தேவையில்லை.

தரத்துக்கும் ஒரு எண் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, மறுபடி எடை போடுங்கள். கூடுதல் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 3.2 கிலோ கல் ஊறிய பின் 3.84 கிலோவுக்கு மேல் காட்டினால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். உப்புக்காற்று அடிக்கும் எண்ணூர், ராயபுரம் பக்கத்தில் நீரை அதிகம் உறிஞ்சும் கல் பூச்சையும் சீக்கிரம் உதிர்த்துவிடும். சரியாக நீர் ஊற்றிப் பதப்படுத்தாத கல்லில் இந்தக் குறை வரலாம். எத்தனை நாள் நீர் விட்டார்கள் என்று கல் அறுப்பவரிடம் கேட்பது வாங்குகிறவரின் உரிமை.

மொத்தக் கணக்கு

வரவில் 18 டன் சாம்பல் சுவருக்குள் போகிறது, 33 டன் மண் நிலத்தில் நிற்கிறது. செலவில் எடுக்கப்படாத ஒவ்வொரு டன்னும் சதுப்பில் இடம் பிடிக்கிறது. மின்சாரத்தை மாநிலமே எரிக்கிறது. சாம்பலின் பாரம் மட்டும் வள்ளூர், அத்திப்பட்டு, எண்ணூர் மக்கள் தலையில் விழுகிறது. இந்தப் பங்கீடு நியாயமில்லை. சென்னையில் வீடு கட்டுகிறவர்கள் தங்கள் கொத்தனாரிடம் தரமான ஃப்ளை ஆஷ் கல்லைக் கேட்டு வாங்குங்கள். நிலையங்களை நடத்துகிறவர்கள் குழாயைக் கசியவிடாமல், ஒவ்வொரு மாதமும் எவ்வளவு சாம்பல் விழுந்தது, எவ்வளவு வெளியே போனது என்று ஊர்ப் பலகையில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். அந்த இரண்டு எண்ணும் சமமாகும் வரை இந்தக் கணக்கு முடிந்ததாக யாரும் சொல்லக் கூடாது.