தையல் போட்ட பிறகு

நாய்க்கோ பூனைக்கோ ஆபரேஷன் என்றால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, டாக்டர் கைராசிக்காரரா என்பதுதான். கத்தி பிடிக்கும் கையைப் பற்றிக் கவலைப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்தக் கை தன் வேலையை முடித்து, கையுறையைக் கழற்றிய பிறகு என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை 117 கால்நடை மருத்துவமனைகளில் மயக்க மருந்து பெற்ற சுமார் 98,000 நாய்களையும் 79,000 பூனைகளையும் கண்காணித்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மயக்கத்தோடு தொடர்புள்ள சாவு நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24 சதவீதம். அதாவது ஏறக்குறைய 600 நாய்களுக்கு ஒன்று, 400 பூனைகளுக்கு ஒன்று. இறந்த நாய்களில் கிட்டத்தட்ட பாதியும், பூனைகளில் 60 சதவீதமும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த பின்னர் செத்தவை. அவற்றிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள் போய்விட்டன. ஒரு மருத்துவமனையின் தரத்தை அதன் மேசையை வைத்து மட்டும் எடைபோட்டால் போதாது. மேசையிலிருந்து இறக்கிய உயிரை எங்கே படுக்க வைக்கிறார்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஏன் அந்த மூன்று மணி நேரம்? மேசையில் இருக்கும்வரை மூச்சுக்குழாயில் குழாய் இருக்கிறது, நாடியை ஒருவர் கவனிக்கிறார். தையல் முடிந்ததும் குழாயை எடுத்துவிட்டு எல்லாரும் அடுத்த கேஸுக்குப் போகிறார்கள். மருந்தோ உடம்பில் இன்னும் மிச்சமிருக்கிறது. ஹட்ச் விளம்பரத்தால் நம் ஊரில் வீட்டுக்கு வீடு வந்த பக் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்குத் துவாரம் குறுகல், மேலண்ணத்தின் பின்பகுதியோ தேவைக்கு மீறி நீளம். விழித்திருக்கும்போதே குறட்டை விடும் பிராணி அது. தலையைத் தானே தூக்கும் அளவுக்குத் தெளிவதற்குள் குழாயை உருவிவிட்டால், தளர்ந்த தசை மூச்சுப் பாதையை அடைத்துவிடும். இன்னொரு ஆபத்து குளிர். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட். வயிற்று மயிரை மழித்து, ஸ்பிரிட் தடவி, வயிற்றைத் திறந்து வைத்தால், ஏ.சி. அறையில் ஒரு சின்னப் பூனையின் சூடு சித்திரை வெயில் காலத்திலும் மளமளவென்று இறங்கும். உடம்பு குளிர்ந்தால் மருந்து வெளியேறுவதும் தாமதமாகும், மயக்கமும் நீளும். பல கூண்டுகளில் ஒரு கம்பளி இல்லாததே பெரிய குறை.

அடுத்தது வலி. "வலி இருந்தால்தான் அடங்கிக் கிடக்கும், தையல் பிரியாது" என்று நம்பிய காலம் ஒன்று உண்டு. படித்த டாக்டர்களும் நம்பினார்கள். 1980களில் அமெரிக்கக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட நாய், பூனைகளின் பதிவேடுகளைப் பின்னர் புரட்டிப் பார்த்தபோது, பாதிக்கும் குறைவானவற்றுக்குத்தான் வலிநிவாரணி கொடுத்திருந்தார்கள். அந்த நம்பிக்கை தலைகீழானது. வலியில் இருக்கும் பிராணி சாப்பிடாது, தூங்காது, புண்ணை நக்கிக்கொண்டே இருக்கும். அடக்கி வைக்கக் கழுத்துக் கூம்பும் சின்னக் கூண்டும் போதுமே, வலி எதற்கு? பூனை விஷயம் இன்னும் சிக்கல். அது கத்தாது, ஒடுங்கி ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். "சமர்த்தாக இருக்கிறது" என்று நாம் நினைத்துக்கொள்வோம். அதனால்தான் மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் பூனை முகத்தைப் படிக்க ஓர் அளவுகோல் வகுத்தார்கள். காது எப்படி இருக்கிறது, கண் எவ்வளவு சுருங்கியிருக்கிறது, வாய்ப்பகுதி இறுகியிருக்கிறதா, மீசை நேராக விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆனால் வலி தெரிந்ததும் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கக் கூடாது. பாரசிட்டமாலைச் செரித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரே ஒரு மாத்திரை அதன் ரத்தத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

இத்தனை ஆபத்து என்றால் ஆபரேஷனே வேண்டாமே, இயற்கையாக விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதே பிரிட்டன் ஆய்வில் பதில் இருக்கிறது. ஆரோக்கியமான நாய்களில் சாவு 0.05 சதவீதம்; நோயோடு மேசைக்கு வந்தவற்றில் 1.33 சதவீதம், இருபது மடங்குக்கும் மேல். ஸ்வீடனில் காப்பீடு செய்யப்பட்ட நாய்களின் கணக்குப்படி, கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் கருப்பையில் சீழ் பிடிக்கிறது. அதற்குப் பெரும்பாலும் அவசர ஆபரேஷன்தான் வழி. இரண்டு வயதில் திடமாக இருக்கும்போது செய்யாமல் விட்ட அதே வேலையை, ஒன்பது வயதில் காய்ச்சலும் வாந்தியுமாகக் கிடக்கும்போது செய்ய வேண்டிவரும். (கோல்டன் ரிட்ரீவர் போன்ற பெரிய இனங்களுக்கு ஒரு வயதுக்குள் கருத்தடை செய்தால் மூட்டுக் கோளாறு கூடுகிறது என்று கலிஃபோர்னியா ஆய்வுகள் காட்டியதும் உண்மை. எந்த வயதில் என்பதை டாக்டரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.)

ஆபரேஷனுக்குப் பிந்தைய இந்தக் கவனிப்புக்கு வலுவான ஆட்சேபம் தெருநாய்த் திட்டத்திலிருந்து வருகிறது. பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காது நுனியை வெட்டி அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையைச் சென்னை புளூ கிராஸ் 1964லேயே தொடங்கியது. 1996இல் மாநகராட்சி அதை ஏற்றது. 2001இல் நாட்டுக்கே விதியானது, 2023இல் திருத்தி எழுதப்பட்டது. ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உட்கார முடியுமா என்கிறார்கள். எண்ணிக்கை முக்கியம்தான், குறைவாகச் செய்தால் இனப்பெருக்கம் முந்திக்கொள்ளும். ஆனால் வீட்டு நாய்க்குத் தையல் பிரிந்தால் தூக்கிக்கொண்டு ஓட ஆள் இருக்கிறது, தெருநாய்க்கு இல்லை. ஆகவே கவனிப்பு அதற்குத்தான் கூடுதலாக வேண்டும். சில மையங்கள் அடிவயிற்றுக்குப் பதிலாக விலாவுக்குப் பின்னால் பக்கவாட்டில் வெட்டுவதும் இதை எண்ணித்தான். தையல் விட்டாலும் குடல் சரியும் அபாயம் குறைவு, தள்ளி நின்றே புண்ணைப் பார்க்கலாம். செய்து முடித்த ஆபரேஷன்களை மட்டும் எண்ணிப் பணம் கொடுக்கும் ஒப்பந்தம் வேகத்துக்குத்தான் கூலி கொடுக்கிறது. எத்தனை நாய்கள் புண் ஆறித் திரும்பின என்பதையும் எண்ணினால், கூண்டுகளும் ஆட்களும் தானாக வரும்.

செலவு கூடாதா என்றால், கொஞ்சம் கூடும். ஆனால் முதல் தேவை விலையுயர்ந்த இயந்திரம் இல்லை. நாடியையும் ரத்த ஆக்சிஜனையும் கண்காணித்த பூனைகளில் சாவு குறைவாக இருந்ததாக அந்தப் பிரிட்டன் ஆய்வு சொன்னது. கண்காணிப்பே காப்பாற்றியது என்று இதை வைத்து அறுதியிட முடியாது, நல்ல மருத்துவமனைகள் மற்றதையும் நன்றாகச் செய்திருக்கலாம். ஆனாலும் தொடைக்குள் விரல் வைத்து நாடி பார்க்கவும், ஈறு வெளுக்கிறதா என்று உதட்டை விலக்கிப் பார்க்கவும் ஆகும் செலவு ஓர் உதவியாளரின் சம்பளம்தான். வளர்ப்பவர்களும் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம்: விழிக்கும்வரை பக்கத்தில் யார் இருப்பார், உடல் சூட்டை எப்போது அளப்பீர்கள், வீட்டுக்குத் தரும் வலி மருந்து எத்தனை நாளைக்கு, ராத்திரியில் எந்த நம்பருக்குப் பேசுவது. தள்ளாடும் நாயை மத்தியானமே ஆட்டோவில் ஏற்றி அனுப்பப் பார்த்தால், சாயங்காலம் அது தானே எழுந்து நிற்கும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லலாம்.