எழுபத்தாறு வயதில் தெருவுக்கு வந்த நாவலாசிரியர்

"இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இதெல்லாம்? பேசாமல் வீட்டில் இருங்கள்." பெரியவர்கள் நாட்டு நடப்பைப் பற்றி வாய் திறந்தால் பிள்ளைகள் சொல்லும் பதில் பெரும்பாலும் இதுதான். அன்பினால் சொல்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் முதுமைக்கும் ஜனநாயகத்துக்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதைத் தன் வாழ்க்கையாலேயே மறுத்தவர், தேசிய இலக்கியவாதி டத்தோ ஏ. சமாட் சைட்.

1935-இல் மலாக்காவில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்தவர். ஜப்பானியர் ஆட்சியைச் சிறுவனாகப் பார்த்தவர். இருபதுகளின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'சலினா' நாவல், போருக்குப் பிந்திய சிங்கப்பூரில் ஆட்டுக் கொட்டகைகளில் குடியிருந்த ஏழைகளின் கதை. வசதியான வீட்டில் பிறந்த சலினா, போரில் எல்லாவற்றையும் இழந்து உடலை விற்றுப் பிழைக்கிறாள். அவள் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடும் முரடனை அவளால் விரட்ட முடியவில்லை. காரணம், போரில் மாண்ட காதலனின் முகச்சாயல் அவனுக்கு இருக்கிறது! கடந்த காலம் ஒருவரை எப்படிப் பிடித்து வைக்கும் என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியுமா, தெரியவில்லை.

1958-ஆம் ஆண்டுப் போட்டியில் இந்த நாவலுக்குக் கிடைத்தது ஆறுதல் பரிசுதான். 1961-இல் நூலாக வந்தது. இன்று மலாய் இலக்கியத்தின் முதன்மையான நாவல்களில் ஒன்றாக அதை வைக்கிறார்கள். 1985-இல் அவருக்குத் தேசிய இலக்கியவாதி விருது. காலம் நிதானமாகத்தான் தீர்ப்பு எழுதியது.

அந்த விருதோடு அவர் ஓய்ந்து உட்கார்ந்திருக்கலாம். ஆனால் 2009 மார்ச்சில், அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கும் கொள்கையை எதிர்த்து நடந்த பேரணியில் முன்வரிசையில் நின்றார். அவர் போராடியது மலாய் மொழிக்காக. ஆனால் அந்த ஆண்டு ஜூலையில் கொள்கையைக் கைவிடுவதாக அரசாங்கம் அறிவித்தபோது, தமிழ்ப்பள்ளிகளில் அவ்விரு பாடங்களும் மீண்டும் தமிழுக்குத் திரும்ப வழி பிறந்தது. (ஆங்கிலமே இருக்கட்டும் என்ற பெற்றோர் நம்மிடையேயும் இருந்தார்கள். அது தனி விவாதம்.)

2011-இல் பெர்சே பேரணிக்கு ஆதரவாக ஒரு கவிதை வாசித்ததற்காகப் போலீஸ் அவரை விசாரித்தது. அப்போது அவருக்கு வயது 76. மறு ஆண்டு, அம்பிகா சீனிவாசனுடன் பெர்சேயின் இணைத் தலைவராகவே இருந்தார். 2015-இல் கட்சியிலும் சேர்ந்தார். எழுத்தாளருக்குக் கட்சி எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கும் அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் என் கேள்வி வேறு. பலன் கைக்கு வருமா என்று தெரியாத வயதில் ஒருவர் ஏன் வெயிலில் நடக்க வேண்டும்?

பதில் காலக் கணக்கில் இருக்கிறது. அழியா மை வேண்டுமென்று 2007-இலேயே பெர்சே கேட்டது. 2008-இல் மை வாங்கியும், வாக்களிப்புக்குச் சில நாள் முன்னர் திட்டம் ரத்தானது. விரலில் மை பட்டது 2013-இல். சுதந்திரத்துக்குப் பின் முதல் ஆட்சி மாற்றம் வர 2018 ஆனது. பதினெட்டு வயதுக்காரர்களுக்கு வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது 2021 டிசம்பரில். ஜனநாயகத்தில் எதுவும் ஒரு தவணையில் முடிவதில்லை. அந்தப் பொறுமை, போரையும் சுதந்திரத்தையும் கண்ணால் பார்த்தவர்களிடம் கூடுதலாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் தொலைக்காட்சிகளோ மூத்தவர்களைப் பண்டிகைக்குப் பண்டிகை அழைத்து, தோட்டத்துப் பலகாரத்தைப் பற்றி மட்டும் கேட்டு அனுப்பிவிடுகின்றன. 1955-இல் மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது வாக்காளர்களில் இந்தியர்கள் ஐந்து விழுக்காடுகூட இல்லை. பலருக்குக் குடியுரிமையே கிடையாது. அதன் பிறகும் சிவப்பு அடையாள அட்டையோடு பல்லாண்டு காத்திருந்தவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. நீல அட்டை கைக்கு வந்து முதன்முதலாக வாக்களித்த அந்த நாளைப் பற்றி உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.