கணக்கும் அமானிதமும்

ஜகாத் திரட்டித் திரும்பிய இப்னுல் லுத்பிய்யா, அதில் ஒரு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்காமல், மிம்பரில் ஏறி மக்கள் அறியக் கண்டித்தார்கள். பொதுப்பணத்தின் கணக்கு பொதுமக்கள் முன் வைக்கத்தக்கது என்பதற்கு இது போதிய சான்றாகும்.

நம் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குக் கணக்களிக்கின்றன. வரிவிலக்குப் பெற்றவை வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும்; குறைந்தால், மீதியை எதற்காக, எத்தனை ஆண்டுகளுக்குச் சேர்த்து வைக்கின்றன என அறிவித்தல் வேண்டும். நன்கொடையாளர் அறிய விரும்புவதும் இதுவே அன்றோ?

அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்கள் அளிக்கும் 990ஆம் படிவத்தை எவரும் கேட்டுப் பார்க்கலாம். வழிபாட்டுத் தலங்களுக்கு அதில் விலக்கு உண்டு. மின்வடிவில் பெற்ற படிவங்களை வரித்துறையே 2016இல் பொதுவில் வைத்தது. நம் நாட்டிலோ அறிக்கை வரித்துறையோடு நின்றுவிடுகிறது. சட்டம் திறக்காத கதவை நாமே திறக்கலாம்.

ஆலைத் தொழிலால் வளர்ந்த நம் சிங்காநல்லூரில், உண்டியலில் விழும் காசு பலருக்கு உழைத்த கூலி. வரித்துறைக்கு அளித்த அறிக்கையின் படி, தணிக்கையாளர் சான்று, தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் ஆகிய மூன்றையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இடலாம். கொடுத்தவர், பெற்றவர் பெயர்கள் வேண்டா. இருப்பு மீதமிருத்தல் குற்றமன்று. அதன் காரணத்தைச் சொல்லாது விடுவதே ஐயத்தை வளர்க்கும். அதிகாரிக்குக் காட்டிய அதே கணக்கை ஜமாஅத்தாருக்கும் காட்டும்போதே அமானிதம் நிறைவுறுகிறது.