வெள்ளகோவில் பெட்ஷீட் கூகுளில் தெரியுமா? எஸ்.இ.ஓ-வில் மெஷினிடம் விடலாம்ங்கிற வேலைகள் எவை?

கோவை – திருச்சி தேசிய நெடுஞ்சாலையில், காங்கேயத்துக்கும் கரூருக்கும் நடுவில் இருக்கிறது வெள்ளகோவில். எண்ணெய் ஆலை, அரிசி ஆலை, விசைத்தறி என எந்நேரமும் மெஷின் சத்தம் கேட்கும் ஊர். இங்கே நெய்யும் பெட்ஷீட் பெரும்பாலும் கரூர் வியாபாரிகள் வழியாகத்தான் வெளியே போகிறது. 'நாமே நேரடியா வித்தா என்ன?' என்று வெப்சைட் தொடங்கும் தறிக்காரருக்கு முதல் தலைவலி, தேடலில் கண்ணில் படுவது.

ஊர் பெயரே ஒரு சிக்கல். வெள்ளகோவில், வெள்ளக்கோவில், வெள்ளகோயில் என்று ஆளுக்கொரு மாதிரி டைப் செய்வார்கள். ஆங்கிலத்திலும் இதே கதைதான். எந்தச் சொல்லைத் தட்டி கஸ்டமர் வந்தார் என்பதை கூகுள் சர்ச் கன்சோல் இலவசமாகவே காட்டும். அதைத் தினமும் திறந்து, எக்செல்லில் காப்பி – பேஸ்ட் செய்வதுதான் கொடுமை.

இங்கேதான் ஆட்டோமேஷன் கைகொடுக்கும். திரையிலிருந்து டவுன்லோடு செய்தால் 1,000 வரிகள்தான் வரும். ஏ.பி.ஐ. வழியாகக் கேட்டால் ஒரே தடவையில் 25,000 வரிகள் வரை கிடைக்கும். கூகுள் ஷீட்ஸில் உள்ள ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் ஒருமுறை எழுதி 'டிரிக்கர்' போட்டுவிட்டால், திங்கள்கிழமை காலை டீ குடித்து முடிப்பதற்குள் பட்டியல் ரெடி. கோடிங் தெரியாதவர்களுக்கு ஆட்-ஆன்கள் உண்டு. இன்னொரு முக்கியமான விஷயம்: சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை மட்டுமே வைத்திருக்கும். மூன்று தீபாவளி சீசனை ஒப்பிட்டுப் பார்க்கணும்னா, நாமே சேர்த்து வைத்தால்தான் உண்டு.

புதுப் பக்கத்தை கூகுள் சேர்த்துக்கொண்டதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கவும் வேண்டாம். 2022 ஜனவரியில் வந்த யு.ஆர்.எல். இன்ஸ்பெக்ஷன் ஏ.பி.ஐ., ஒரு தளத்துக்கு நாளைக்கு 2,000 பக்கங்கள் வரை சொல்லிவிடும். சைட்மேப்பை வேர்ட்பிரஸ் 2020 முதல் தானாகவே தயாரிக்கிறது. கூகுளுக்கு சைட்மேப் 'பிங்' அனுப்பும் பழைய ஸ்கிரிப்ட் இருந்தால் தூக்கிவிடலாம். அந்த வசதியை நிறுத்துவதாக 2023-லேயே கூகுள் அறிவித்துவிட்டது.

மெஷினிடம் விடவே கூடாத வேலையும் இருக்கிறது. 'காங்கேயத்தில் பெட்ஷீட்', 'தாராபுரத்தில் பெட்ஷீட்' என்று ஊர் பெயரை மட்டும் மாற்றி நூறு பக்கம் தட்டிவிடும் டூல்கள் ஏராளம். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால், தேடலில் மேலே வருவதற்காகவே பக்கங்களைக் குவிப்பதை கூகுள் 2024 மார்ச்சில் ஸ்பேம் விதிகளில் சேர்த்தது. எழுதியது ஏ.ஐ.யா மனுஷனா என்பது அங்கே கேள்வியே இல்லை. மாட்டினால், தளமே தேடலிலிருந்து காணாமல் போகலாம். 'நாம எத்தனாவது இடம்?' என்று தானியங்கியாகத் தேடிக்கொண்டே இருக்கும் ஸ்கிரிப்ட்டும் விதிமீறல்தான்.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது? உடைந்த லிங்க்கிலிருந்து. ஸ்டாக் தீர்ந்ததும் அந்த டிசைன் பக்கத்தை அழித்துவிடுவார்கள். எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்க்கை ஒரு மொத்த வியாபாரி இன்றைக்குத் தொட்டால் '404' வரும். அடுத்த நிமிடம் அவர் வேறு கடையில் இருப்பார். ஸ்க்ரீமிங் ஃப்ராக் மென்பொருளின் இலவசப் பதிப்பு 500 யு.ஆர்.எல். வரை அலசும். சின்னக் கடைக்கு அதுவே தாராளம். சனிக்கிழமைக்கு ஒரு தடவை ஓட்டி, உடைந்த ஒவ்வொரு லிங்க்கையும் அதே மாதிரி வேறொரு டிசைன் பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். எந்த டிசைனுக்கு எது பொருத்தம் என்பது தறிக்காரருக்குத்தான் தெரியும்.